கட்டடத்துக்குள் வெப்பமும் மின்சாரமும்: இதை வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுக்கலாமா?

கேள்வி, ஜனவரி 6

இயந்திரப் பொறியியல் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கட்டடங்களில் மின்சிக்கனம், உள்ளே இருப்பவர்களுக்கு வெப்பம் ஒத்துப்போவது, இந்த இரண்டையும் சேர்த்து பிஎச்.டி. செய்ய ஆசை. கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "எல்லாம் கண்டுபிடித்து முடித்தாயிற்று. ஏசியை 24இல் வைத்தால் வேலை முடிந்தது. இதில் ஆராய என்ன இருக்கிறது?" உண்மையா? இதில் வேலை வாழ்க்கை எப்படி இருக்கும்? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு

பத்தொன்பது வருடமாக இதிலேயே இருக்கிறேன். முடிந்துபோன துறை என்று சொல்பவர்கள் ஒரு அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

24 டிகிரி என்றால் யாருக்கு 24? மேற்கு ஜன்னலோரம் முழங்கையில் வெயில் விழ உட்கார்ந்திருப்பவருக்கா, ஏசி காற்று நேராகப் பிடரியில் அடிக்கிற இடத்தில் இருப்பவருக்கா? இருவருக்கும் நடுவில் நாலு மீட்டர்கூட இருக்காது. ஒருவர் அட்டையை எடுத்து விசிறிக்கொள்வார். மற்றவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். சுவரில் இருக்கிற காட்டியில் இரண்டு பேருக்கும் ஒரே எண்.

உலகில் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய 30 சதவீதம் கட்டடங்களை இயக்குவதற்கே போகிறது. அதில் பெரிய பங்கு அறைகளைச் சூடாக்கவும் குளிர்விக்கவும். அவ்வளவையும் செலவழித்த பிறகும் உள்ளே இருப்பவர் நெளிந்துகொண்டிருந்தால் அது இரட்டை நஷ்டம். அந்த இரட்டை நஷ்டம் எங்கே நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று தேடுவதுதான் என் வேலை. இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜனவரி 7, காலை

அவசரத்தில் எழுதியதால் அடிப்படையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஒருவர் வெப்பத்தை எப்படி உணர்கிறார் என்பது ஆறு விஷயங்களைப் பொறுத்தது. காற்றின் வெப்பநிலை, சுற்றியிருக்கிற சுவரும் கூரையும் கண்ணாடியும் விடுகிற கதிர்வீச்சு, காற்று வீசும் வேகம், ஈரப்பதம், உடம்பில் இருக்கிற துணி, செய்கிற வேலை. முதல் நாலு அறையைச் சேர்ந்தவை, கடைசி இரண்டு ஆளைச் சேர்ந்தவை. சுவரில் இருக்கிற காட்டி இந்த ஆறில் ஒன்றைத்தான் பார்க்கிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபேங்கர் 1970இல் இந்த ஆறையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்தார். மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, வெப்பத்தையும் ஈரத்தையும் மாற்றி மாற்றிக் கேட்டு வாங்கிய பதில்கள்தான் அதன் அடித்தளம். கணக்கின் விடை மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை வரும். மைனஸ் 3 என்றால் நடுங்குகிற குளிர், பிளஸ் 3 என்றால் தாங்க முடியாத சூடு, சுழியம் என்றால் இரண்டும் இல்லை. பி.எம்.வி. என்று நாங்கள் நாள் பூராவும் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்.

துணிக்கு 'க்ளோ' என்று ஓர் அலகு. மெல்லிய கோடை உடை 0.5 க்ளோ, கோட்டு சூட்டு என்றால் 1. வேலைக்கு 'மெட்' என்று ஓர் அலகு. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு தோலின் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 58 வாட் வெப்பத்தை வெளியே விடும், அதுதான் 1 மெட். முழு உடம்புக்கும் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 100 வாட். பத்துப் பேர் ஒரு கூட்ட அறைக்குள் நுழைந்தால் ஒரு கிலோவாட் ஹீட்டரை உள்ளே கொண்டுவந்து வைத்த மாதிரி. கூட்டம் தொடங்கி அரை மணியில் எல்லாரும் கழுத்துப் பட்டனைத் தளர்த்துவதற்குக் காரணம் இதுதான்.

ஜனவரி 7, மாலை

ஒரு திருத்தம். காலையில் எழுதியதைப் படித்தால் டென்மார்க் மாணவர்களை மட்டும் வைத்துச் செய்தது போல் இருக்கிறது. அப்படி இல்லை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முன்பே நடந்த சோதனைகளும் அந்தக் கணக்குக்குள் இருக்கின்றன. யாரிடம் கேட்டு வந்த எண் என்பது எங்கள் துறையில் உயிர்நாடியான விஷயம். அதனால் விட மனசு வரவில்லை.

ஜனவரி 9

"சரி, கணக்கு சுழியம் என்று சொன்னால் எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள் அல்லவா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை. ஃபேங்கரின் கணக்கிலேயே, மிகச் சிறந்த நிலையிலும் 5 சதவீதம் பேர் குறை சொல்வார்கள். சுழியத்திலிருந்து அரைப்புள்ளி விலகினால் அது 10 சதவீதம் ஆகும். நூறு பேர் வேலை செய்யும் தளத்தில் அறையின் வெப்பத்தை எப்படி வைத்தாலும் ஐந்து பேருக்குச் சரிப்படாது. அந்த ஐந்து பேரைப் புகார் சொல்லியே பழகியவர்கள் என்று நிர்வாகம் ஒதுக்கிவிடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அவர்கள் உடம்பு அப்படி, அவ்வளவுதான். ஒரு மேசை விசிறியோ காலடியில் ஒரு சின்ன ஹீட்டரோ கொடுத்தால் அவர்களுக்குத் தீர்ந்துவிடும். அவர்களுக்காகத் தளம் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஜனவரி 10

முதல் கள ஆய்வைப் பற்றிச் சொல்கிறேன். இந்தத் துறையில் நான் தங்கியதற்குக் காரணம் அந்த ஒரு மதியம்.

கதிர்வீச்சை அளக்க ஒரு கறுப்பு உருண்டை உண்டு. 15 சென்டிமீட்டர் விட்டம், மெல்லிய செம்புத் தகடு, மேலே பளபளப்பு இல்லாத கறுப்புப் பெயின்ட், நடுவில் வெப்பமானி. சுற்றிலும் இருந்து வரும் வெப்பக் கதிரை அது வாங்கிக்கொள்ளும். வாங்கி நிலைக்கு வர இருபது நிமிடமாவது ஆகும். அதுவரை ஒருவரின் மேசைப் பக்கத்திலேயே நாம் நிற்க வேண்டும். நிற்கும்போது அவர் பேசுவார். வினாத்தாளில் வராத எல்லாம் அந்த இருபது நிமிடத்தில் வரும்.

கணக்குப் பிரிவில் ஓர் அம்மா. காற்று 25.1 டிகிரி. உருண்டை ஏறிக்கொண்டே போய் 28.6இல் நின்றது. "மூணு மணிக்கு மேல இந்தக் கன்னம் மட்டும் எரியும்" என்று இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். பக்கத்தில் மேற்குக் கண்ணாடி. அதில் பழைய காலண்டர் தாள்களை டேப் போட்டு ஒட்டியிருந்தார். தாள்களின் ஓரம் வெயிலில் பழுத்து மஞ்சளாகியிருந்தது. எத்தனை வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறாரோ. புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். காட்டியில் 24தான் இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது.

அந்தக் கண்ணாடி ஓரம் இருந்த மற்றவர்களும் புகார் சொல்லவே, பராமரிப்பு ஆட்கள் தளம் முழுவதற்கும் 21க்கு இறக்கியிருந்தார்கள். உள்பக்கம் இருந்தவர்கள் ஸ்வெட்டரோடு வேலை பார்த்தார்கள். அம்மாவின் கன்னம் அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஏனென்றால் எரித்தது காற்று இல்லை, வெயில் பட்ட கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே ஒரு நிழல் தடுப்பு போட்டிருந்தால் 21 தேவையே இல்லை.

முதல் நாள் இரட்டை நஷ்டம் என்று எழுதினேனே, அதை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

ஜனவரி 11

நேற்று எழுதும்போது நினைவுக்கு வந்தது, வினாத்தாள். மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரையான அந்த ஏழு படி அளவுகோல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதைத் தமிழில் போட உட்கார்ந்தபோது மூன்று வாரம் போய்விட்டது.

தமிழில் ஓர் இடத்தைக் "குளிர்ச்சியாக இருக்கிறது" என்று சொன்னால் அது பாராட்டு. அளவுகோலிலோ அது மைனஸ் 2, அதாவது சரியில்லாத நிலை. "குளிர்கிறது" என்றால்தான் குறை. ஒரு விகுதி மாறினால் தரவு தலைகீழ். அப்புறம் புழுக்கம். நாள் முழுக்க நாம் சொல்கிற சொல், அந்த ஏழு கட்டத்தில் எதிலும் உட்காராது. சூட்டையும் ஈரத்தையும் காற்று நின்றுபோனதையும் அது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. சோதனைக்கு வைத்த வினாத்தாளில் பலர் கட்டத்தை விட்டுவிட்டு ஓரத்தில் "புழுக்கம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். என் முதல் வடிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. அது என் தவறு. தனிக் கேள்வியாகச் சேர்த்தோம்.

இன்னொரு கேள்வியும் கட்டாயம் வேண்டும்: "இன்னும் குளிராக வேண்டுமா, இன்னும் சூடாக வேண்டுமா, இப்படியே இருக்கட்டுமா?" உணர்வும் விருப்பமும் ஒன்று இல்லை. சூடாக இருக்கிறது என்று குறித்துவிட்டு இப்படியே இருக்கட்டும் என்பவர்கள் நிறைய.

ஜனவரி 13

ஃபேங்கரை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிக் கதைதான்.

1970களிலேயே பிரிட்டனில் மைக்கேல் ஹம்ஃப்ரீஸ் வேறு மாதிரி கேட்டார். பல இடங்களில் எடுத்த கள ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், மக்களுக்கு இதமான வெப்பநிலை வெளியில் இருக்கிற பருவத்தோடு சேர்ந்து நகர்கிறது. ஜன்னலைத் திறக்கிறார்கள், உடையை மாற்றுகிறார்கள், இடம் மாறி உட்காருகிறார்கள். எதிர்பார்ப்பும் மாறுகிறது. அவரும் ஃபெர்கஸ் நிக்கலும் இதை விடாமல் வளர்த்தார்கள்.

1998இல் ரிச்சர்ட் டி டியர், கெயில் பிரேகர் இருவரும் 160 கட்டடங்களிலிருந்து சுமார் 21,000 பதிவுகளைச் சேர்த்து ஒரு கோடு போட்டார்கள். ஜன்னல் திறந்து காற்று வரும் கட்டடங்களுக்கு மட்டும் பொருந்தும் கணக்கு இது: வெளியின் சராசரி வெப்பநிலையை 0.31ஆல் பெருக்கி, 17.8ஐக் கூட்டு. வெளியே சராசரி 30 என்றால் உள்ளே இதமான வெப்பநிலை 27.1. அதிலிருந்து மேலும் கீழும் 3.5 டிகிரி வரை 80 சதவீதம் பேர் ஏற்றுக்கொள்வார்கள். அதாவது மேல்வரம்பு 30ஐத் தாண்டுகிறது. 2004இல் இது ஆஷ்ரே 55க்குள் வந்தது, கட்டடங்களில் வெப்ப இதத்துக்கு அமெரிக்கப் பொறியாளர் சங்கம் ஒன்று வைத்திருக்கும் தரநிலை அது.

24இல் வைத்தால் வேலை முடிந்தது என்பவர்களிடம் இந்த ஒரு கோட்டைக் காட்டுங்கள்.

விசிறியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் காற்று மேலே பட்டால் இரண்டு, மூன்று டிகிரி கூடுதல் சூட்டைப் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. கூரை விசிறி எடுப்பது 30 முதல் 75 வாட். அறை ஏசி ஆயிரத்தைத் தாண்டும்.

ஜனவரி 14, காலை

மேலே எழுதியதற்கு ஒரு கடுமையான மறுப்பு வந்திருக்கிறது: "தகவமைப்பு என்ற பெயரில் வசதி இல்லாதவர்களைச் சூட்டைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள்."

ராத்திரி முழுக்க இதையே யோசித்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோடு ஜன்னலைத் திறக்கும் சுதந்திரம் இருந்தவர்களிடம் எடுத்தது. பூட்டிய ஜன்னல், தகரக் கூரை, சீருடை, எழுந்து நகர முடியாத வேலை, இந்த நிலையில் இருப்பவரிடம் போய் "உங்கள் மேல்வரம்பு 30.6" என்று சொன்னால் அது அநியாயம். தகவமைத்துக்கொள்ள வழி இருக்கும் இடத்தில்தான் தகவமைப்பு. கூரை 45 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும்போது காற்றை மட்டும் அளந்து சரியாக இருக்கிறது என்று சொல்வதும் தவறு.

அப்புறம், இதம் வேறு, உடல்நலம் வேறு. வெப்ப அலையில் முதியவர்கள் சூடாக உணராமலே ஆபத்தான நிலைக்குப் போய்விடலாம், வயதானால் அந்த உணர்வு மங்குகிறது. எங்கள் வினாத்தாள் அதைப் பிடிக்காது. 13ஆம் தேதி குறிப்பை இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஜனவரி 14, மதியம்

கேட்டவருக்கு: உங்கள் ஆய்வுத் தலைப்பு இந்த மறுப்புக்குள்ளேயே இருக்கலாம்.

ஜனவரி 17

இன்று கணினி மாதிரிகள் பற்றி. எனர்ஜிபிளஸ் என்ற மென்பொருளில் கட்டடத்தை வரைந்து, வருடம் முழுவதற்கும் மணிக்கு மணி எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்று கணக்கிடலாம். ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி இப்போது இப்படித்தான் வருகிறது. எனக்கு இதில் பழைய கசப்பு உண்டு.

சிக்கனக் கட்டடம் என்று விருது வாங்கிய ஒன்றில் ஒரு வருடம் மீட்டர் வைத்து அளந்தோம். வரைவுக் கணக்கில் சொன்னதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவு. காரணங்கள் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. இரவு துப்புரவுப் பணிக்காக முழுத் தளத்துக்கும் ஏசி ஓடியது. வெப்பம் உணரும் கருவி நகலெடுக்கும் இயந்திரத்துக்கு மேலே இருந்தது, அந்த இயந்திரம் ஓடும்போதெல்லாம் தளம் சூடாகிவிட்டதாக நினைத்துக் குளிர்வித்தது. திறக்கும்படி வடிவமைத்த ஜன்னல்களுக்குப் பாதுகாப்பு என்று பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

எல்லாம் சரிசெய்யக்கூடியவை. ஆனால் முடிவுகளை வெளியிடக் கட்டட உரிமையாளர் தரப்பு அனுமதி தரவில்லை. ஒரு வருடத் தரவு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதே கட்டடத்தின் வரைவு எண்களை உதாரணமாகக் காட்டும் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் மனசு கொதிக்கிறது. இதிலிருந்து கற்றது ஒன்றுதான்: வெளியிடும் உரிமையை எழுத்தில் வாங்காமல் ஒரு கருவியைக்கூட மாட்டாதீர்கள்.

ஜனவரி 18

நேற்றுக் கோபத்தில் எழுதியதில் மாதிரிகளுக்கு நியாயம் செய்யவில்லை.

கட்டி முடிக்காத கட்டடத்தை அளக்க முடியாது. சுவரை எந்தப் பக்கம் திருப்புவது, கண்ணாடி எவ்வளவு, நிழல் தடுப்பு எத்தனை நீளம், இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல மாதிரி இல்லாமல் முடியாது. குறை மென்பொருளில் இல்லை, நாம் அதற்குள் வைக்கிற மனிதர்களில் இருக்கிறது. என் பிஎச்.டி. காலத்து மாதிரியில் 26 டிகிரி ஆனதும் எல்லாரும் ஜன்னலைத் திறப்பார்கள் என்று எழுதியிருந்தேன். களத்தில் பார்த்தால் காலையில் வந்ததும் ஒருவர் திறப்பார், மாலை வரை யாரும் தொடமாட்டார்கள். மழைச்சாரல் அடித்தால்தான் கை போகும். வெப்பநிலையைவிட, வந்து சேர்ந்த நேரமும் ஜன்னல் யார் பக்கம் இருக்கிறது என்பதும்தான் முடிவு செய்தது. அதை மாதிரிக்குள் வைத்ததும் கணக்கு மீட்டருக்கு வெகுவாகப் பக்கத்தில் வந்தது.

எனர்ஜிபிளஸ் இலவசம். இன்றே இறக்கிக் கற்க ஆரம்பியுங்கள். ஆனால் அளக்கவும் போங்கள்.

ஜனவரி 20

வேலை வாழ்க்கை எப்படி இருக்கும் என்று நேராகக் கேட்டிருந்தீர்கள், நான் சுற்றிச் சுற்றி வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் துறைக்குச் சொந்த வீடு கிடையாது. கட்டடக்கலைத் துறையில் உங்களை இயந்திரப் பொறியியல் ஆள் என்பார்கள். இயந்திரப் பொறியியல் துறையில் கட்டடக்கலை ஆள் என்பார்கள். ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது இது உறைக்கும். ஒரு நேர்காணலில் "இதில் வெப்ப இயக்கவியல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்கள். அடுத்த மாதமே இன்னொன்றில் "இதில் வடிவமைப்பு எங்கே?" என்று கேட்டார்கள். இரண்டிலும் வேலை கிடைக்கவில்லை. ஒரு பக்கம் ஆழமாகக் காலூன்றிக்கொண்டு இன்னொரு பக்கம் போவது நல்லது. உங்களுக்கு வெப்பப் பரிமாற்றம் கைவசம் இருக்கிறது. அதை விடாதீர்கள். மனிதர்களிடம் கேள்வி கேட்கும் முறையையும் புள்ளியியலையும் புதிதாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

நாட்காட்டி பற்றி யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். கள ஆய்வுக்குப் பருவங்கள் வேண்டும். கோடையைத் தவறவிட்டால் அடுத்த கோடைக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அனுமதிக் கடிதம், கருவி வாங்குவது, அளவு சரிபார்ப்பது, எல்லாம் அதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். என் இரண்டாம் வருடத்தில் சரிபார்க்காத ஒரு காற்றுவேகமானியை நம்பி ஐந்து வாரத் தரவை இழந்தேன். மழை வந்துவிட்டது. ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போனது.

வெளியே வேலையும் உண்டு. கட்டடம் வடிவமைக்கும் நிறுவனங்கள், தரநிலை எழுதும் குழுக்கள், கண்ணாடி, காப்புப் பொருள் செய்கிறவர்கள். என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள்.

ஜனவரி 22

பெண்களுக்கு அலுவலகம் ஏன் எப்போதும் குளிர்கிறது என்ற கேள்விக்கு.

2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். உடம்பு உண்டாக்கும் வெப்பத்துக்கு நாம் வைத்திருக்கும் நிலையான எண் சராசரி ஆணை வைத்து வந்தது, பெண்களின் உடம்பு உண்மையில் உண்டாக்கும் வெப்பத்தைவிட அந்த எண் 35 சதவீதம் வரை கூடுதலாக இருக்கலாம் என்றார்கள். சின்ன எண்ணிக்கையில் செய்த சோதனைதான், ஆனால் கேட்ட கேள்வி பெரியது. கள ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இருபாலருக்கும் இதமான வெப்பநிலையில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அதிலிருந்து விலகும்போதுதான் பெண்கள் அதிகமாக அவதிப்படுகிறார்கள், குறிப்பாகக் குளிர்ப் பக்கம். உடையும் ஒரு காரணம். கோட்டு போட்டவர் வெப்பநிலையை முடிவு செய்கிற இடத்தில் மெல்லிய உடையில் இருப்பவர் நடுங்குவார்.

பிப்ரவரி 16

கேள்வி கேட்டவர் சும்மா இருக்கவில்லை. டேபிள் டென்னிஸ் பந்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, உள்ளே உணர்கருவி வைத்து, தான் வேலை பார்க்கும் தளத்தில் 22 பேரிடம் கேட்டுத் தரவை அனுப்பியிருக்கிறார். படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்று விஷயம். 40 மில்லிமீட்டர் பந்து சீக்கிரம் நிலைக்கு வரும், அது நல்லது. ஆனால் பெரிய உருண்டையைவிடக் காற்றின் வெப்பநிலைக்கு அதிகம் இழுபடும். அதனால் காற்று வேகத்தையும் அளந்து கணக்கில் திருத்த வேண்டும். இரண்டாவது, எல்லா அளவும் மேசை மட்டத்தில் மட்டும் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவருக்குக் கணுக்கால், இடுப்பு, தலை என்று தரையிலிருந்து 0.1, 0.6, 1.1 மீட்டர் மூன்றிலும் எடுங்கள்.

மூன்றாவது, 14ஆம் வரிசை. காற்று 29, உருண்டை 29.4, அவர் குறித்தது மைனஸ் 2. மற்ற எல்லாரும் பிளஸ் பக்கம். "பிழை என்று நீக்கிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீக்காதீர்கள். நாளைக்கு அவரிடம் போய்க் கேளுங்கள். காய்ச்சலாக இருந்திருக்கலாம். அப்போதுதான் வெயிலில் நடந்துவந்து விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கலாம். ஜனவரி 11இல் சொன்ன மாதிரி, "குளிர்ச்சியாக" என்பதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு குறித்திருக்கலாம். அப்படியானால் திருத்த வேண்டியது உங்கள் வினாத்தாளை. பதில் எதுவானாலும் அந்த வரிசைக்குப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு எனக்கும் அனுப்புங்கள்.